நொச்சிமுறிப்புப் பள்ளிக்கூடத்தின் இரண்டு கூரைகள்

ஒரு பாடசாலைக் கட்டடத்தின் கூரை ஆபத்தான நிலையில் இருப்பதாக அதிபர் எழுத்தில் அறிவித்தால், அறிவித்தல் கிடைத்த பதினான்கு நாட்களுக்குள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் நேரில் சென்று பார்வையிட வேண்டும். இது விதி. இதைத் தட்டச்சில் பொறித்து எல்லாக் கல்விக் கந்தோர்களுக்கும் அனுப்பிய காலத்தில் பிரதிகளை எண்ணிக் கட்டியவன் நான். விதிக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு நிபந்தனையும் உண்டு: கட்டடம் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

நொச்சிமுறிப்புப் பள்ளிக்கூடத்தின் மண்டபம் பதிவேட்டில் இல்லை. அங்கே இருப்பது, அதாவது பதிவேட்டின்படி இருப்பது, "தற்காலிகக் கொட்டில் ஒன்று, கிடுகுக் கூரை". கிடுகு என்றால் முடைந்த தென்னோலை. கீழே ஓர் எழுதுவினைஞரின் கையெழுத்து. அந்தக் கையெழுத்து என்னுடையது.

இரண்டாயிரமாம் ஆண்டு ஆடி மாதம், வெள்ளவத்தையில் மகளின் வீட்டில், இதை எனக்கு நினைவூட்டிக் கடிதம் வந்தது. நான்கு பேர் கை மாறி, மடிப்புகளில் கிழிந்து வந்த கடிதம். எழுதியவர் பள்ளிக்கூட அதிபர் திருமதி தவமலர். மண்டபத்தின் நடுத் தீராந்தி, சுவருக்குச் சுவர் கிடந்து கூரையைத் தாங்கும் அந்த மரம், வெடித்துவிட்டது. ஐந்து தடவை அறிவித்தாராம். "உங்கள் பாடசாலையில் ஓட்டுக் கட்டடம் எதுவும் இல்லை" என்று ஒரே ஒரு பதில் வந்ததாம். "மாரிக்கு முன் ஏதாவது செய்ய முடியுமா ஐயா? மழை தொடங்கினால் பிள்ளைகளை வைத்திருக்க வேறு இடமில்லை."

பிழையான பதிவைத் திருத்தும் உரிமை பதிந்தவருக்கே உண்டு. அவர் செத்துப்போயிருந்தால் மட்டும் விசாரணைக் குழு. குழு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மூன்று குழுக்களில் நான் செயலாளர். ஆகவே உயிரோடு இருப்பதன் வசதியைப் பயன்படுத்திக்கொள்ளத் தீர்மானித்தேன்.

"உங்களுக்கு விசரே அப்பா?" என்றாள் மகள். "அங்கயிருந்து வெளிக்கிட வழியில்லாமல் சனம் நிக்குது. நீங்கள் உள்ளுக்குப் போகப்போறியள். அதுவும் ஒரு கூரைக்கு."

"கூரைக்கில்லை. கையெழுத்துக்கு."

சொன்னபோது பெரிய மனிதனாக உணர்ந்தேன். அந்த உணர்வு வவுனியா வரைக்கும் தாக்குப்பிடித்தது. வன்னிக்குள் போக இராணுவத்திடம் பாஸ் எடுக்க நின்ற நாட்களைப் பற்றி எழுதப்போவதில்லை. வரிசையைப் பற்றி எழுதத் தொடங்கினால் வரிசையின் நீளத்துக்கு எழுதவேண்டி வரும்.

கடைசிச் சோதனைச்சாவடியில் ஓர் இளம் சிப்பாய் என் பையை மேசையில் கொட்டினான். இரண்டு வேட்டி, பிரஷர் குளிசை, சவர்க்காரம் ஒன்று, பிள்ளைகளுக்கு விசுக்கோத்து, காபன் தாள், ஐம்பதடி அளவு நாடா. நாடாவைத் தூக்கிப் பிடித்து எதற்கென்று சிங்களத்தில் கேட்டான்.

"பள்ளிக்கூடம் அளக்க" என்றேன். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் தெரிந்தது, அந்த மேசையில் உண்மை சொல்வது நடைமுறை இல்லை என்று. அதிகாரி வந்தார். எந்தப் பள்ளிக்கூடம், எவ்வளவு பெரியது, எங்கே இருக்கிறது, யார் அளக்கச் சொன்னது என்று நிதானமாகக் கேட்டார். நாற்பது வருடம் மற்றவர்களிடம் விளக்கம் கேட்டவன் நான். விளக்கம் கொடுப்பவனின் நாக்கு எப்படி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதை அன்றுதான் படித்தேன்.

"அங்கிள், எல்லாரும் வெளியே வருகிற நேரத்தில் உள்ளே போகிறவர்கள் இரண்டு வகை" என்றார் அவர். "உங்கள் வயதைப் பார்த்து மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். போங்கள். நாடாவும் காபனும் இங்கே இருக்கட்டும்." பற்றுச்சீட்டு கேட்கும் பழக்கம் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு யாருக்கும் சொந்தமில்லாத வீதி. தாரை விட்டு ஓரத்தில் கால் வைக்கக் கூடாது, மிதிவெடி இருக்கும் என்று எனக்கு முன்னால் போன பெண் திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டே போனாள். கொழும்பில் நடைபாதையை விட்டு வீதியில் இறங்காதே என்று பேரப்பிள்ளைக்குச் சொல்வேன். இங்கே எல்லாம் தலைகீழ். நடு வீதிதான் பத்திரம். புல்லைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

மறுபக்கத்தில், இயக்கத்தின் சாவடியில், இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டிய ஒரு பெண் கொப்பி விரித்து வைத்திருந்தாள். என் கடைசி மகளைவிடச் சிறியவள்.

"என்ன அலுவலா வந்தனீங்கள் ஐயா?"

"பள்ளிக்கூடம் ஒண்டு பாக்க."

"ஆர் அனுப்பினது?"

"ஒருத்தரும் அனுப்பேல்லை. நான் பென்சன்காரன்."

"பென்சன் ஆர் தாறது?"

"அரசாங்கம்."

அவள் "அரசாங்கம்" என்று எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்தாள். ஒரு கோடு போதாதா என்று கேட்க நினைத்தேன். திரும்பி வரும்வரை அந்த இரண்டாவது கோடு என் வயிற்றுக்குள் கிடந்தது.

தவமலர் அனுப்பிய மாரிமுத்துவின் லான்ட்மாஸ்டர் காத்து நின்றது. நீண்ட கைபிடியும் பின்னால் ஒரு பெட்டியும் கொண்ட சின்ன உழவு இயந்திரம். டீசல் கிடையாது, மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து ஓடுகிறது. போகிற வழியெல்லாம் வடை சுடுகிற வாசனை. மாரிமுத்துவின் குடும்பம், மலைநாட்டுத் தோட்டத்தில் குடியிருந்த லயம் எரிக்கப்பட்டு, துரத்தப்பட்டு வன்னிக்கு வந்தது. அவர் அப்போது கலியாணமாகாத இளந்தாரி. இப்போது இரண்டு ஏக்கர் வயலும், ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு மகளும். பேச்சு மட்டும் இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை.

கொஞ்சத் தூரம் போனதும் எஞ்சினை நிறுத்தினார். பழுதோ என்று கேட்டேன்.

"இல்லீங்க சாமி. மைலுக்கு ஒருதடவ நிப்பாட்டி காது குடுக்கணும். இந்தச் சனியன் போடுற சத்தத்துல மேல வர்றது கேக்காது."

இருவரும் வானத்துக்குக் காது கொடுத்தோம். ஒன்றுமில்லை. மறுபடி ஓட்டம், மறுபடி நிறுத்தம். குளக்கட்டுக்கு அருகில் சில்லு மணலில் புதைந்தது. நான் இறங்கித் தள்ளினேன். பிரஷர்காரன் தள்ளக் கூடாது என்பது வைத்தியர் விதி. தள்ளும்போதுதான் தூரத்தில் இடி போல ஒன்று கேட்டது. மாரிமுத்து என்னைப் பிடித்துச் பெட்டிக்கடியில் இழுத்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஷெல்லுதான், ரொம்பத் தூரம்" என்றார். "ஷெல்லுதான்" என்பதில் அந்தத் "தான்" எனக்கு விளங்க மூன்று நாள் எடுத்தது.

தண்ணீரூற்றிலிருந்து உள்ளே, மைல்கல் கணக்கில் ஏழு கட்டை தூரம் நொச்சிமுறிப்பு. பாலை மரங்களுக்கிடையில் பள்ளிக்கூடம் தெரிந்தபோது என் நெஞ்சு ஒரு கணம் குதித்தது. நீளமான, சாம்பல் நிறமான, மிகப் பெரிய ஒரு கிடுகுக் கொட்டில்! பதிவேடு சரி! என் கையெழுத்து சரி! கிட்டப் போனேன். கிடுகின் விளிம்புக்குக் கீழே சிவப்பு ஓட்டின் பல்வரிசை தெரிந்தது.

"பிளேனுக்காண்டி வேய்ஞ்சது ஐயா" என்றார் வாசலில் நின்ற தவமலர். மெலிந்த, நிமிர்ந்த பெண், கையில் சோக்கு. "சிவப்பு ஓடு மேலால நல்லாத் தெரியுமெண்டு சனம் பயந்து, ஓட்டுக்கு மேல கிடுகு போட்டது. மூண்டு அடுக்கு. மழைக்கு அது தண்ணி குடிச்சுப் பாரமாகி, போன மாரியில தீராந்தி வெடிச்சிட்டுது."

உள்ளே போய்ப் பார்த்தேன். இரண்டடி தடித்த சுவர். முதிரை மரத் தீராந்தி, நடுவில் ஒரு விரல் போகும் வெடிப்பு. அதற்கு நேர் கீழே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் வாங்குகள். பிள்ளைகள் எழுந்து நின்று "வணக்கம் ஐயா" என்று இழுத்துப் பாடினார்கள். நான் மேலே பார்த்தபடியே வணக்கம் சொன்னேன்.

அடுத்த நாள் தவமலரின் குசினியில், அவித்த மரவள்ளிக் கிழங்குக்கும் கட்டைச் சம்பலுக்கும் நடுவில், பள்ளிக்கூடத்தின் சம்பவத் திரட்டை வைத்தார். மூன்று இடப்பெயர்வில் அவர் தூக்கிக்கொண்டு ஓடிய புத்தகம். தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. பனங்கட்டியை ஒரு கடி, தேத்தண்ணி ஒரு மிடறு. வெள்ளவத்தையில் மகள் சீனியில்லாமல் தரும்போது முகம் சுளிப்பவன், இங்கே இரண்டு கோப்பை குடித்தேன்.

தலைமையாசிரியர்கள் நாளாந்தம் எழுதி வைத்த அந்தப் பக்கங்களில் கட்டடம் கல் கல்லாக எழுந்தது. நாயாற்றிலிருந்து வண்டி வண்டியாகச் சிப்பி வந்து, இங்கேயே சுட்டுச் சுண்ணாம்பாகியிருக்கிறது. வீட்டுக்கு ஓர் ஆள், கிழமைக்கு ஒரு நாள் வேலை. தீராந்தி மரத்தை மூன்று சோடி எருதுகள் இழுத்து வந்ததும், ஓர் எருது விழுந்து செத்ததும், எருதின் சொந்தக்காரர் தன் மகனை இலவசமாகப் படிப்பிக்கக் கேட்டதும், "எல்லாருக்கும் இலவசந்தான் என்று விளக்கப்பட்டது" என்பதும் இருந்தன. மலேரியாவால் பள்ளி மூடிய நாட்கள். வகுப்பு நடக்கும்போது யானை வந்து கிணற்றடியில் நின்ற நாள். ஒரு சதம் அரசாங்கக் காசு இல்லாமல் எழுந்த கட்டடம்.

பிறகு அறுபதுகளின் தொடக்கம். உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்ற காலம். என் நாளும் வந்தது.

"கல்விக் கந்தோர் எழுதுவினைஞர் கட்டடம் பார்வையிட இன்று வருவதாக இருந்தது. ஆற்றில் வெள்ளம். வரவில்லை. முகாமையாளர் தோணியில் கடந்து தண்ணீரூற்றுக்குப் போய் அவரைச் சந்தித்தார். கட்டடம் காப்பாற்றப்பட்டது."

கடைசி வரியை மூன்று தரம் வாசித்தேன். நினைவு வந்தது. ஐந்து நாளில் இருபத்தாறு பள்ளிக்கூடம். நனைந்த சால்வையோடு ஒரு பெரியவர். "என்ன கட்டடம் ஐயா?" "கட்டடமோ? சும்மா ஒரு கொட்டில் தம்பி. கிடுகு." நான் கிடுகு என்று எழுதினேன், அவர் இடியப்பமும் சொதியும் வாங்கித் தந்தார். ஊரார் கையால் கட்டியதை அரசாங்கம் எழுதிக்கொண்டு போய்விடக் கூடாது என்று ஒளித்திருக்கிறார்கள். போய்ப் பார்க்காமலே கையெழுத்து வைக்கும் ஒருவன் அவர்களுக்குத் தேவைப்பட்டான். கிடைத்தான்.

"அண்டைக்கு அரசாங்கத்துக்கு ஒளிச்சது. இண்டைக்குப் பிளேனுக்கு ஒளிக்கிறம்" என்றார் தவமலர். "ரெண்டு தரமும் கிடுகுதான்."

மூன்றாம் நாள் காலை பெற்றோர் கூட்டம் வைத்தார். சத்தியக் கடதாசி முடித்துப் பதிவைத் திருத்தினால் திருத்த வேலைக்கு மரமும் ஆளும் கேட்கலாம் என்று நான் விளக்கினேன். படிவத்தில் நீளம், அகலம், சுவர் உயரம், அமைவிட வரைபடம் ஆகியவை கேட்கப்படும் என்றும் சொன்னேன்.

"வரைபடம்" என்றதும் மாரிமுத்து எழுந்தார். "ஐயா கோவிச்சுக்கக் கூடாது. இங்கன இம்மாம் பெரிய ஓட்டுக் கட்டடம் இருக்குன்னு படம் போட்டு அந்தப் பக்கம் குடுக்கப் போறீங்களா?"

"கல்விக் கந்தோருக்குத்தான்..."

"கந்தோருக்குப் போற கடுதாசி கந்தோரோட நிக்குமா சாமி? எம்புள்ள அந்த மரத்துக்கு நேர் கீழதான் குந்துறா. எனக்கும் பயந்தான். ஆனா மரம் ஒருதடவதான் விழும்."

"அப்ப மரம் விழட்டும் எண்டுறியோ?" என்றார் தவமலர்.

"கிடுகு இருக்கட்டும்னு சொல்றேன் டீச்சர்."

வாசலில் நின்ற ஒரு பெண் கையைத் தூக்கினாள். எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள். முதலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை; பிறகு வானத்தின் ஒரு மூலை கிழிவது போலச் சத்தம். "கிபிர்!" குண்டு போடும் விமானத்தின் பெயர் அது. நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஒரு வார்த்தை பேசாமல் ஓடினார்கள். என்னை யாரோ பங்கருக்குள் தள்ளினார்கள். தென்னங்குற்றியும் மண்மூடையும் போட்ட கிடங்கு. என் மடியில் ஒரு சிறுமி. அவள் தன் காதைப் பொத்தவில்லை. என் காதைப் பொத்தினாள். "வாயைத் திறந்து வைச்சிருங்கோ தாத்தா, இல்லாட்டிக் காது வெடிக்கும்." வாயைத் திறந்தேன். அறுபத்தெட்டு வயதில், வாயைப் பிளந்துகொண்டு, வேட்டி நனைந்ததா இல்லையா என்று தெரியாமல் இருந்தேன். நிலம் இரண்டு தரம் எழும்பி அமர்ந்தது. எங்கோ. எங்களுக்கில்லை. எங்களுக்கில்லை என்று நினைத்த நிம்மதிக்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

வெளியே வந்ததும் மாரிமுத்து தன் மகளைத் தேடவில்லை. அவள் பங்கரில் அவர் பக்கத்திலேயே இருந்தாள். மண்டபத்துக்குள் போனார். நானும் பின்னால் போனேன். ஆறாம் வகுப்பு வாங்குகள் முழுவதும் சுண்ணாம்புத் தூள். தீராந்தியின் வெடிப்புக்குள் இப்போது இரண்டு விரல் போகும். அவர் தன் மகளின் வாங்கிலிருந்த தூளைக் கையால் துடைத்தார். மறுபடி கொஞ்சம் விழுந்தது. மறுபடி துடைத்தார். பிறகு வெளியே போய்விட்டார்.

அன்றே தவமலர் வகுப்புகளை மரத்தடிக்கு மாற்றினார். மழை தொடங்க ஆறேழு கிழமை இருந்தது. அதற்குள் பதில் வரவேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

நாலாம் நாள் காலை மாரிமுத்து வந்தார், தோளில் ஒரு சுருள் கயிறு. மாடு கட்டும் தும்புக் கயிறு.

"நாடாவைப் புடுங்கிட்டாங்கன்னீங்களே. இதால அளந்துக்கங்க. ஆனா படம் போட மாட்டேன்னு சொல்லுங்க சாமி."

"போடமாட்டன்" என்றேன்.

எழுதிய கடதாசியோடு இரண்டு மேசைகளைக் கடக்க எனக்குத் துணிவில்லை. அதற்கும் அந்தக் கயிறே வழி காட்டியது. மண்டபத்தின் நீளத்துக்குக் கயிற்றை வெட்டினோம். அகலம் முடியும் இடத்தில் ஒரு முடிச்சு. சுவர் உயரத்துக்கு இரட்டை முடிச்சு. கயிற்றை என் பையைச் சுற்றி வரிந்து கட்டினேன். நூறு வருடக் கட்டடம் ஒன்று, ஒரு கிழவனின் பையைச் சுற்றிக்கொண்டு புறப்பட்டது.

பின்னல்காரப் பெண் கொப்பியில் என் பெயரைத் தேடி எடுத்தாள். "பள்ளிக்கூடம் பாத்தாச்சோ?"

"ஓம்."

"எப்பிடி இருக்கு?"

"இருக்கு பிள்ளை."

அவள் என் பெயரை வெட்டினாள். ஒரே கோடு.

மறுபக்கத்து மேசையில் வேறு சிப்பாய். கயிற்றின் முடிச்சுகளை அவிழ்க்கப் பொறுமை இல்லை, கத்தியை எடுத்தான். வெட்டினால் நீளம் போய்விடும். நீளம் போனால் திரும்பிப் போக வேண்டும். "வெட்டாதீர்கள் மகன்" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினேன். "நல்ல கயிறு. புதுசு." அவன் முடிச்சைத் தொட்டுப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு பின்னால் திரும்பித் தோழனிடம் கத்தினான்: "இங்கே பார், ஒரு முழக் கயிற்றுக்காக அழுகிற யாழ்ப்பாணத்துக் கஞ்சன்!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி அந்த வசவு. நானே உட்கார்ந்து, ஒரு முடிச்சும் குலையாமல், கயிற்றை அவிழ்த்துப் பையைத் திறந்து கொடுத்தேன்.

வவுனியாவில் ஒரு கடையின் அடிமட்டத்தால் கயிற்றை அளந்து, சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்தேன். நீளம், அகலம், உயரம். கூரை: ஓடு, அதன் மேல் கிடுகு. "மேற்படி கட்டடத்தை நான் பார்வையிடாமலே முன்னைய பதிவில் கையெழுத்திட்டேன்." நீதவான் தலையை நிமிர்த்தி, "இதால பென்சனுக்குப் பிரச்சினை வருமெல்லே?" என்றார். வரலாம் என்றேன். அமைவிட வரைபடம் என்ற கட்டத்தில், "இணைக்கப்படவில்லை. பதிந்த உத்தியோகத்தர் உயிருடன் இருப்பதால் அவசியமில்லை" என்று எழுதினேன். அப்படி ஒரு விதி உண்டா என்று யாரும் தேடிப் பார்க்க மாட்டார்கள் என்பது என் அனுபவம்.

பதினான்கு நாள் போனது. புரட்டாதி போனது. ஐப்பசியில் வெள்ளவத்தையில் மழை கொட்டியபோது, மகள் யன்னல்களைச் சாத்த, நான் பேரப்பிள்ளை விழித்துக்கொள்ளும்படி மறுபடி திறந்து திறந்து பார்த்தேன். மழை வடக்கே நகருமா என்று வானொலியில் கேட்டேன். மார்கழியில் தவமலரின் கடிதம் வந்தது, கார்த்திகையில் எழுதியது.

"ஐயா, ஐப்பசி முழுவதும் மரத்தடியில் சமாளித்தோம். அதற்குப் பிறகு மழை விடவில்லை. சின்னப் பிள்ளைகள் காய்ச்சலில் விழுந்தார்கள். திரும்பக் கூட்டம் வைத்தேன். ஏணியில் முதல் ஏறியவர் மாரிமுத்துதான். கிடுகு முழுவதையும் இறக்கிவிட்டோம். தீராந்திக்குப் பனங்குற்றி முட்டுக் கொடுத்திருக்கிறோம். பாரம் இல்லாததால் இப்போதைக்கு நிற்கிறது. பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள். மழையில் கழுவுப்பட்டு ஓடு நல்ல சிவப்பாகத் தெரிகிறது, குளக்கட்டிலிருந்தே தெரிகிறது. பாடம் நடக்கும்போது பெற்றோர் ஒருவர் முறைவைத்து வாசலில் நின்று காது கொடுக்கிறார். உங்களுக்குப் பதில் ஏதும் வந்ததா?"

பிறகு பதிலும் வந்தது. நல்ல தாள், தெளிவான தட்டச்சு. பதிவேட்டில் கூரை கிடுகு எனவும் என் சத்தியக் கடதாசியில் ஓடும் கிடுகும் எனவும் காணப்படுவதாகவும், ஒரு கட்டடத்துக்கு ஒரு கூரையே பதிவு செய்ய இடமுண்டு எனவும், தற்போதைய கூரை எது என்பதை அமைவிட வரைபடத்துடன் பதினான்கு நாட்களுக்குள் உறுதிப்படுத்துமாறும் கேட்டிருந்தார்கள்.

பேனையை எடுத்து "ஓடு" என்று எழுதினேன். அடுத்த கட்டம் வரைபடத்துக்கு. அந்த நேரம் கடற்கரைப் பக்கமாக ஒரு விமானம் போனது. பயணிகள் விமானம்தான், தினமும் போவதுதான். பேனையை வைத்துவிட்டு, சத்தம் முற்றாக அடங்கும்வரை காது கொடுத்தேன். கட்டம் வெறுமையாகவே இருந்தது.

பதினான்கு நாளை எண்ணத் தொடங்கவேண்டிய அந்தப் பதில் என் கைக்குக் கிடைத்தது 2001ஆம் ஆண்டு தை மாதம் பத்தொன்பதாம் திகதி, வெள்ளிக்கிழமை.